இருபதுக்கு இருபது

தம்பானூரிலிருந்து கழக்கூட்டத்துக்கு ரயிலில் போனால் இருபது நிமிஷம்தான் ஆகும். ஆனாலும் பதினோரு வருஷம் நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். ஜன்னலோர இடம் கிடைக்கும், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். போன வருஷம் ஜூனில்தான் ரயிலுக்கு மாறினேன். சிஜி அந்த ரயிலில் வருவாள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். அவளைக் கவனிக்க வேண்டியிருந்தது.

உங்கள் தாளில் பகவதிப்பெருமாள், வயது நாற்பத்தாறு, வலியசாலை என்று இருப்பதெல்லாம் சரி. எஞ்சினியர் என்பதோடு, ஆஸிலேட்டர் வடிவமைப்பவர் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். சிப்புக்குள் நொடிக்கு முப்பத்திரண்டாயிரம் தடவைக்கு மேல் துடித்து நேரம் காட்டுகிற சின்ன சர்க்யூட் அது. மற்ற பாகங்கள் தூங்கினாலும் அது தூங்கக் கூடாது. அதனால் அது இழுக்கும் கரண்ட் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாள் பேட்டரி வரும். அதைக் குறைப்பதில் எங்கள் கம்பெனியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை, சிஜி வரும்வரை.

குறைமாதக் குழந்தைகளின் வயிற்றில் கட்டும் பெல்ட்டுக்கான சிப் அது. குழந்தையின் மூச்சு நின்றால் பெல்ட் சத்தம் போடும். என் சர்க்யூட் இழுத்த கரண்டில் பாதிதான் அவளுடையது இழுத்தது. பாறசாலையிலிருந்து வந்தவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் மேனேஜர் சுவாமிதாஸ் மீட்டிங்கில் என் சர்க்யூட் படத்தை எடுத்துவிட்டு அவளுடையதைத் திரையில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்படி ஒன்று தானாக வராது. என் பழைய நோட்டுகளைப் புரட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியிலிருந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ரயிலில் நான் பக்கத்தில் போனதும், "ஞான் பின்னெ விளிக்காம்" என்று, அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிடுவாள். நாலு நாளில் மூன்று நாள் அப்படி. நீங்களாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். நோட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. படித்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தால் எப்படிக் குறையும்?

ஆஸிலேட்டர் கிளம்ப முதலில் ஒரு தள்ளு வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு மட்டும் கூடுதல் கரண்ட் கொடுத்து, ஓட ஆரம்பித்ததும் குறைத்துவிடுவோம். டிசைன் தயாரிப்புக்குப் போகிற அன்று, எல்லாச் சரிபார்ப்பும் முடிந்த பிறகு, சிஜி கம்ப்யூட்டரைப் பூட்டாமல் சாப்பிடப் போனாள். அந்தத் தள்ளைக் கொடுக்கும் டிரான்சிஸ்டரின் அகலத்தைக் குறைத்தேன். நாலு நிமிஷ வேலை. சாதாரண வெப்பத்தில் வித்தியாசமே தெரியாது. குளிரில் சில சிப் கிளம்பாது. லேபில் பிடிபடும், அவளுடைய லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து சிப் வந்தது. வரைந்தவரே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சிஜி என் மேசைக்கு வந்தாள்.

"சாரே, ஆஸ்பத்திரி ரூம்ல நல்ல தணுப்பாக்கும். தணுப்புல ஸ்டார்ட் ஆவுமான்னு நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுவியளா?"

"ரூம் தணுப்பு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க உள்ள சிஸ்டர்கிட்ட டெய்லி ரயில்ல வரும்போ கேட்டுட்டுதான் இருக்கேன். ஏசிய பதினெட்டுல வைக்காவ."

போன் எதற்கென்று அப்போது புரிந்தது. புரிந்த பிறகு செய்ததைத்தான் நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள விரும்புவீர்கள்.

இருபது சிப்பைப் பதினெட்டு டிகிரியில் வைத்துப் பார்த்தேன். ஏழு கிளம்பவில்லை. ரிப்போர்ட்டில் இருபதுக்கு இருபது என்று எழுதினேன். உள்ளதை எழுதியிருந்தால் அவள் ஒரே மத்தியானத்தில் காரணத்தைப் பிடித்துச் சரிசெய்திருப்பாள். சுவாமிதாஸ் இன்னொரு மீட்டிங் போட்டிருப்பார். மறுநாள் சிஜி வீட்டிலிருந்து எனக்குச் சக்கை அடை, பலாப்பழத்தில் செய்தது, கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது.

அந்தக் குழந்தைக்கு முப்பத்தைந்து நாள். அம்மா பெயர் ரெம்யா. பிற்பகலில் நர்ஸ் பேட்டரி மாற்றி பெல்ட்டைக் கட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு பேட்டரியிலிருந்து நேராக எரிவது, சிப் ஓடுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. விளக்கைப் பார்த்த பிறகுதான் ரெம்யா கண்ணயர்ந்தாள் என்கிறார்கள். பெல்ட் சத்தம் போடவில்லை.

ஃபைல் சிஜி பெயரில் இருந்தது. அவள் வாதாடவே இல்லை. "என் கைப்பிழையாக்கும் சார்" என்று சுவாமிதாஸிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டாள். ரெம்யா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாளாம், கதவு திறக்கவில்லையாம். நான் இப்போதும் ரயிலில்தான் போகிறேன். அவள் வராததால் நிம்மதியாக உட்கார முடிகிறது.

ஃபைல் மாறிய நேரத்தில் சிஜியின் கார்டு கேன்டீன் வாசலில் பதிவாகியிருந்ததை நீங்கள் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம். அவள்கூட அதை யோசிக்கவில்லை. ஆமாம், மாற்றியவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த முப்பத்தொரு பெல்ட்டும் திரும்பி வந்துவிட்டதாக உங்கள் தாளில் பார்த்தேன். அது சரி. வீட்டுக்குப் போன குழந்தைகளுக்கு, கம்பெனி சோதனை என்று சொல்லி நானே கொண்டுபோய்க் கட்டிவிட்ட, அதே சிப் உள்ள ஒன்பது பெல்ட் அந்தக் கணக்கில் வராது. அதில் கடைசி இரண்டைக் கட்டியது ரெம்யாவின் குழந்தை இறந்த மறுநாள். விலாசம் எல்லாம் எனக்கு மனப்பாடம். காலையிலிருந்து உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மேடம். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.