கதிரேசன் இறந்த தேதி

— என் ஆட்டோவுலயே குந்திக்கினு நான் செத்துட்டேன்னு சொல்றாருக்கா அந்த சார்.

— மெதுவா பேசுங்க கதிரேசன். உள்ள எல்லாரும் தைச்சிட்டிருக்காங்க.

— நேத்து ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல ஏறுனாரு. ஜீவிதா மேடம் தையல் சென்டர் எங்க கீதுன்னாரு. புருசன் செத்துப்போன பொண்ணு, பாவம், எங்க டிரஸ்டுலேர்ந்து அம்பதாயிரம் குடுத்துகீறோம், மெஷின் பாக்கப் போறேன்னாரு. நான் இன்னா சொல்றது?

— சொல்லிட்டீங்களா?

— இல்லக்கா. தெருமுனையில எறக்கிவுட்டு, சவாரிக் காசுகூட வாங்காம வந்துட்டேன்.

— தப்பு என்னோடது கதிரேசன். விதவைங்க நடத்துற சென்டருக்குத்தான் குடுப்போம்னு சொல்லிட்டாங்க. சின்னத் தொகை, சர்டிபிகேட்டும் கேக்கல. சென்டர் கணக்கு வழக்கெல்லாம் நான்தானே பாக்கறேன், ஃபாரத்துலயும் நான்தான் அப்படி எழுதினேன். அன்னிலேர்ந்து சர்ச்சுல முட்டி போட்டா ஜெபமே வரல, உங்க மூஞ்சிதான் வருது.

— ஜீவிதாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. படிச்சுப் பாக்காம கையெழுத்து போட்டா. அவளை ஒண்ணும் கேக்காதீங்க.

— சண்டை போட வரலக்கா. குடிய வுட்டு எட்டு மாசம் ஆவுது. தம்பி வூட்டுல, குன்றத்தூர்லதான் தங்கிகீறேன். திரும்ப வரட்டுமான்னு போன்ல கேட்டேன். பாக்கலாம்னா.

— அப்படியா சொன்னா?

— இப்ப நான் வந்து நின்னா, மெஷின திருப்பி எடுத்துக்கினு பூடுவாங்க இல்ல?

— போயிடும். நாலு மெஷின். ஒன்பது பொம்பளைங்க பொழப்பு. ஆனா அதுக்காக உங்க குடும்பம் சேராம இருக்கணுமா? நாளைக்கே அந்த சாருக்கு போன் போட்டு, நான்தான் பொய் எழுதினேன்னு சொல்லிடறேன்.

— இருங்கக்கா. நான் இன்னா நோவுல செத்தேன்?

— எதுக்கு அதெல்லாம்...

— சும்மா சொல்லுங்க.

— மஞ்சள் காமாலை.

— எப்போ?

— ஜெராக்ஸ் காப்பி இருக்கு, பாத்துச் சொல்றேன். போன வருஷம், செப்டம்பர் பதினொண்ணு.

— செப்டம்பர் பதினொண்ணா?

— ஆமா. ஏதோ ஒரு தேதி போடணுமே, வாய்க்கு வந்ததைப் போட்டேன்.

— நீங்களாவா போட்டீங்க?

— நான்தாங்கறேன் இல்ல. ஏன் அப்படிப் பாக்கறீங்க? தண்ணி வேணுமா?

— வேணாம்கா. அந்த சாருக்கு போன் எதுவும் போடாதீங்க. ஃபாரம் அப்பிடியே கெடக்கட்டும். நான் கெளம்புறேன்.

— கோவமா போறீங்களா? என்னைத் திட்டிட்டாவது போங்க.

— உங்கள திட்டி இன்னாக்கா. அந்தத் தேதி உங்களுக்குத் தெரியாது. ஜீவிதாதான் சொல்லிகீறா. அன்னிக்குத்தான் நான் அவ கைய ஒடச்சேன்.