மரியநாயகத்தின் மூங்கில் குச்சி

பின்னேரம் ஐந்தரை இருக்கும். கொட்டகலையிலிருந்து தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறுகிற ரோடு... பனி இறங்கிவிட்டால் அதில் நாய்கூட நிற்காது. கிட்ட வந்து உட்காருங்கள், கதவையும் சாத்திவிடுங்கள். நம்ம ஜெரோமி இருக்கிறானே, அவனுடைய சித்தப்பா மகன் ஜூட்சனுக்கு நடந்தது இது.

ஹட்டனில் ரேடியோ, ஆம்ப் எல்லாம் பழுது பார்க்கிறவன் அவன். வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய்! அடுத்தவன் ஈயம் பற்ற வைத்திருப்பதைப் பார்த்தாலே, "இது என்ன, கோழி எச்சமா?" என்று கேட்பான். அன்று முக்கால் வழியிலேயே ஆட்டோக்காரர் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தூறல்... ஈரத் தேயிலை வாசம்... ஜூட்சன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆட்டோக்காரரை, ரோட்டை, போகிற வீட்டை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே நடந்தான்.

அது தெரேசா டீச்சருடைய வீடு. கணவர் மரியநாயகம் தோட்டத்து ஃபெக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்தவர், அமெச்சூர் ரேடியோக்காரர். இறந்து ஆறேழு மாதம். ரேடியோவில் பேசுவதைப் பெருக்கித் தூரத்துக்கு அனுப்ப, வால்வு போட்ட பெரிய ஆம்ப் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி வைத்திருந்தார். மழையில் மண் சரிந்து ஃபோன் எல்லாம் செத்துப்போனால், மேல் டிவிசனின் குரல் வெளியே போவது அதன் வழியாகத்தான். அவருக்குப் பிறகு டீச்சர் பேசினார், அவருக்கும் லைசன்ஸ் இருந்தது. இப்போது உள்ளே ஏதோ கருகி அது நின்றுவிட்டது, அதைத் திருத்தத்தான் ஜூட்சனைக் கூப்பிட்டிருந்தார்.

அந்த மாதிரி ஆம்பில் ஒரு வில்லங்கம் உண்டு. பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சருக்குள் இரண்டாயிரம் வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். தொட்டால் ஆள் காலி. அது வடிவதற்கென்று ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். மரியநாயகம் அதை நம்புகிற ஆள் இல்லை. ஒரு மூங்கில் குச்சி, நுனியில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து பூமிக்கு ஒரு வயர். மூடியைத் திறந்ததும் கொக்கியைக் கண்டென்சரில் மாட்டிவிட்டுத்தான் கை வைப்பார். அப்போதும் இடது கை பொக்கட்டுக்குள் இருக்கும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் அல்லவா?

டீச்சர் அந்தக் குச்சியை நீட்டினார்.

"இத மாட்டிட்டு செய்யுங்க தம்பி. எடது கைய பொக்கட்டுல போட்டுக்குங்க. அவரு அப்படித்தான் செய்வாரு."

ஜூட்சன் சிரித்தான். "ரோலருக்கு ரெண்டு வெரல குடுத்த மனுசன், எனக்கு சொல்லித் தர்றாரா?"

மரியநாயகத்தின் வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஃபெக்டரி ரோலர் தின்றது. செத்த மனுஷனை, பெண்சாதியின் முகத்துக்கு நேரே... இதைச் சொல்லும்போதே அவனை அறையலாம் போல வருகிறது எனக்கு. அதோடு விட்டானா? ஜன்னலைத் திறந்து குச்சியை வயரோடு மழைக்குள் வீசினான். அது தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. ஜன்னலைக் கொண்டியிட்டான்.

"எனக்கு இந்த வீட்டுல இன்னொரு பொணம் வேணாம்" என்றார் டீச்சர்.

ஆம்பை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான் ஜூட்சன். "மீட்டர பாருங்க. சைபர். உள்ள ஒண்ணுமில்ல. நீங்க போயி தேத்தண்ணி ஊத்துங்க."

மீட்டர் சைபர் காட்டியது உண்மைதான். ஆனால் கருகிக் கிடந்ததே அந்த ரெசிஸ்டர்தான், மீட்டருக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட். அந்த மடையனுக்கு அது தோன்றவில்லை.

டீச்சர் குசினிக்குப் போனார். அப்போது... டிக். டிக் டிக். மேசையில் கிடந்த மோர்ஸ் கட்டை, தந்தி மாதிரித் தட்டிச் சேதி அனுப்புகிறது. அதற்கு வயரே இல்லை. கழற்றி மாதக்கணக்காகிறது. தட்டியது மூன்றே எழுத்து. ஒன்றுக்கும் லாயக்கில்லாத ரேடியோக்காரனை மற்ற ரேடியோக்காரர்கள் திட்டுகிற சொல். ஜூட்சனுக்கு மோர்ஸ் நன்றாகத் தெரியும். எலி என்று நினைத்துக்கொண்டான்.

மூடியின் திருகாணிகளைக் கழற்றி, தொலையாமல் இருக்க இடது பொக்கட்டில் போட்டுக்கொண்டே வந்தான். கடைசித் திருகாணியைப் போட்ட கை... வெளியே வரவில்லை. இழுத்தான். வரவில்லை. பொக்கட்டுக்குள் ஏதோ மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அப்படி ஒரு குளிர்ச்சி... குப்பென்று மெஷின் எண்ணெய் வாசம்... குளிரில் நரம்பு இழுத்துக்கொண்டது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். இந்த மேதாவிகளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? மூடியைத் தள்ளிவிட்டு, வலது கையால் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டான்.

டப்!

நீல வெளிச்சம்... கருகிய தோல் வாசம்...

டீச்சர் ஓடி வந்து பார்த்தபோது சுவரோடு சாய்ந்து கிடந்தான். வலது கை விரல்கள் வெந்திருந்தன. மூச்சு இருந்தது. எப்போதும் இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவன் அவன். அன்றைக்கு மட்டும் அந்தக் கை பொக்கட்டில் இருந்தது. அதனால்தான் இன்னும் வாயடிக்க ஹட்டனில் ஆள் இருக்கிறான்.

ஜன்னல் கொண்டியிட்டபடியே இருந்தது. ஆம்புக்குள், கண்டென்சரின் மேல், மூங்கில் குச்சி மாட்டியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து... கொக்கிக்குப் பக்கத்தில், தேயிலைச் செடிக்குள் இரத்தம் குடிக்கக் காத்திருக்குமே, அந்த அட்டை ஒன்று நெளிந்தது.



"அந்தக் கைய எடுங்க தம்பி" என்றார் டீச்சர்.

இப்போது இடது கை சுலபமாக வந்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்த தடம், நீலம் பாய்ந்து. டீச்சர் டார்ச்சைக் கிட்டே பிடித்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கட்டைவிரலோடு சேர்த்து மூன்று.

"சரி... உட்டுடுங்க அவன" என்றார்.

ஜூட்சனைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னார்.