பேண்டேஜ் சுற்றிய பேய்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் பேண்டேஜ் மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் இருவர். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பேயி வந்ததும் வீட்ல எல்லாரும் கண்ணைப் பொத்திட்டாவ. நான் துணியத்தான் பாத்தேன்" என்றார் மூத்தவர்.

"எந்தப் படம்க்கா?"

"பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். ஹாலோவீனாம், வெள்ளைக்காரவளுக்குப் பேய்த் திருநா; அதுக்குப் பாக்கணும்னு மக போட்டா. செத்து மூவாயிரம் வருசம் ஆனவன், உடம்பெல்லாம் பேண்டேஜோட எந்திச்சு வாரான். ஒரு நூல் பிரியலட்டி! எந்த மகராசி நெய்தாளோ!"

"நம்மது நாலு நாள்ல, புண்ணு ஆறவும் குப்பைக்குப் போயிருது."

மூத்தவர் கோபுரம் தெரிந்ததும் இறங்க எழுந்தார்.

"போவட்டும்ட்டி. நம்ம கட்டுல இருந்து எந்திக்கிறவன் உசுரோடல்லா எந்திக்கான்!"