ஒட்டாத நோய்

தேனி ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள், கம்பம் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவளின் முழங்கையில் சிவந்த தடிப்பும் வெள்ளைச் செதிலுமாக இருந்தது.

"உலகம் பூரா கோடிக்கணக்கான பேருக்கு இந்த சோரியாசிஸ் இருக்காம் மதினி. டாக்டரம்மா சொன்னாக. அத்தன பேரும் எங்கிட்டு ஒளிஞ்சிருக்காக?"

"ஒட்டாதுன்னு சொன்னாகளா?"

"ஒட்டவே ஒட்டாதாம். அதத் தோட்டக்காரம்மாகிட்ட யாரு சொல்றது? இத்தன வருசமா அவுக தோட்டத்துல திராட்சை வெட்டுனவ நானு. இந்தக் கையோட கொலயத் தொடாதன்னு எல்லாரு முன்னாடியும் வெளிய நிறுத்திட்டாக."

பக்கத்தில் நின்றிருந்த நடுத்தர வயது அம்மா ஒருவர் அவளிடம் குனிந்தார். அந்த வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தார்.

"எனக்கும் இருக்கும்மா. நான் டீச்சர். பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது" என்று மெதுவாகச் சொல்லி, ஜாக்கெட் கையைச் சுருட்டிக் காட்டினார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

இளையவளுக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்கள்லாம் மூடி வச்சா, ஊருக்குள்ள எனக்கு மட்டுந்தான் இருக்குன்னுல்ல நெனப்பாக? டீச்சருக்கே இருக்குன்னு தெரிஞ்சா என்னைய வெளிய நிறுத்துவாகளா?"

அந்த அம்மா சின்னமனூரில் இறங்கினார். சுருட்டிய ஜாக்கெட் கையை இழுத்துவிடாமலே கூட்டத்துக்குள் நடந்து போனார்.