தவமணி பழகிய கார்

ஒரு காரின் ஸ்ரியரிங்கில் ஆட்டம் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று தனியாளாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒருவர் உள்ளே இருந்து இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே படுத்து, எந்த மூட்டு சும்மா அசைகிறது என்று பார்க்க வேண்டும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சித்திரையில் எனக்காக உள்ளே இருந்து ஆட்டியவர் தவமணி.

நான் தில்லையம்பலம். ஸ்காபரோவில் பதினொரு வருடமாகக் கார் பழக்குகிறேன். நகரத்தின் மறுகோடியில், மிசிசாகாவில் ஒரு சிக்னலில் நின்றாலும் என்னிடம் பழகின யாராவது கையைக் காட்டுவார்கள். இந்த வாக்குமூலத்தை நான் எழுதுவது கார் திருத்துகிற அன்புராசாவுக்காக. அவன் திருத்திய காரில்தான் விபத்து நடந்தது, ஆகவே பிழை அவன் செய்த வேலையில் என்று பொலிஸ் நினைக்கிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நானும் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு மனம் கேட்கவில்லை. பொலிசுக்காக இதை இங்கிலிசில் எழுதப்போகும் பிள்ளை ஒரு வரியும் விடாமல் எழுதட்டும்.

தவமணி அஜின்கோர்ட்டில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தார். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைக்கவிருந்தது. விடிய ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும், அந்த நேரத்தில் பஸ் இல்லை. லைசன்ஸ் எடுத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு என்னிடம் வருவார்.

அன்றைக்கு நான் என் காரின் கீழே படுத்திருந்தபோது மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

“அண்ணை, ஆட்டினது காணுமோ? நிலம் குளிரெல்லோ?”

ஒன்பது வருடமாக நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்றில் இருக்கிறேன். குளிருகிறதா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. மூட்டுகளெல்லாம் நன்றாக இருந்தன, ஆட்டம் ஸ்ரியரிங் பெட்டிக்குள் என்று முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தும், “இன்னும் கொஞ்சம் ஆட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு ஒரு கால்மணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. அந்தப் பெட்டியின் மேலே ஒரு ஸ்குறூ, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு நட். நட்டை இளக்கி, ஸ்குறூவைக் கால்வாசிச் சுற்று முடுக்கினால் போதும். முடுக்கினேன். அடுத்த சனிக்கிழமை தவமணி காரை நூல் பிடித்ததுபோல ஓட்டினார். “அண்ணை, எனக்கு வந்திட்டுது” என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். உண்மைதான், வந்துவிட்டது. இன்னும் இரண்டு கிழமை பழகினால் லைசன்ஸ் ரெஸ்ற்றுக்குப் போகலாம். பிறகு அவருக்கு என்னிடம் என்ன வேலை? வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்குறூவை இளக்கினேன். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சனிக்கிழமை மத்தியானம் திரும்ப முடுக்கினேன். மற்றவர்கள் பழகும் கார் ஒழுங்காக இருக்க வேண்டும், அதில் நான் கவனம். ஒன்றரை வருடம் இப்படியே செய்தேன். அவரிடம் ஒரு தப்பான வார்த்தை பேசியதில்லை, விரல் நுனி பட்டதில்லை. வேண்டுமானால் அவரையே கேளுங்கள்.

ஒருமுறை மட்டும் அவர் சொன்னார்.

“கார் என்ர சொல்லைக் கேக்குதில்லை அண்ணை. உந்த ஸ்ரியரிங்கிலதான் ஏதோ.”

“ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்” என்றேன் பகிடியாக. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் காரைக் குறை சொன்னதே இல்லை.

ரெஸ்ற்றுக்கும் என் கார்தான், அதற்கு முதல் நாளும் இளக்கினேன். இரண்டு முறை தவறினார். கார் கோட்டுக்குள் நேராக நிற்கவில்லை என்று பரிசோதகர் எழுதினார். இரண்டாவது முறை, தவமணி காருக்குள் இருந்தபடி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ர கை உதுக்குச் சரிவராது அண்ணை.” நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவசரப்பட வேண்டாம் என்றேன். அன்றைக்கு இரவு நல்ல நித்திரை வந்தது.

ஆட்டம் உள்ள ஸ்ரியரிங்கில் முதல் கொஞ்சத் திருப்பலுக்கு ஒன்றும் நடக்காது. அதனால் வீசித் திருப்ப வேண்டும். தவமணி அப்படித்தான் பழகினார். கை ஒன்றைப் பழகிவிட்டால் பிறகு புத்தியைக் கேட்காது.

அன்புராசா தவமணியின் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறவன், கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறான். போன மாதம் அவன், “அக்கா, இந்தமுறை என்ர காரில ரெஸ்ற்றுக்குப் போங்கோ” என்று சொல்லியிருக்கிறான். சின்ன ஜப்பான் கார். ஸ்ரியரிங்கின் தேய்ந்த மூட்டுகளை மாற்றிவிட்டு, இருவருமாக அதை என்னிடம் கொண்டுவந்தார்கள்.

“மாஸ்ரர், ஒருக்காப் பாருங்கோ.”

கீழே படுத்துப் பார்த்தேன். தவமணி உள்ளே இருந்து ஆட்டினார். மயிரளவு ஆட்டம் இல்லை. ஸ்ரியரிங்கைத் திருப்பின மறுகணம் கார்ச்சில்லு திரும்பியது. வீசித் திருப்பப் பழகின அந்தக் கை அந்தக் காரில் என்ன செய்யும் என்று எனக்கு அப்போதே தெரியும். “மெல்லத் திருப்புங்கோ” என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார்கள். எங்கேயாவது கொஞ்சம் இடித்து, பயந்து, என்னிடமே திரும்பி வருவார் என்று நினைத்தேன். எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வேலை” என்றேன்.

அரைமணி நேரத்துக்குள், ஸ்ரீல்ஸ் வீதியில், நின்ற பஸ் ஒன்றைத் தவமணி விலத்திப் போகப் பார்த்திருக்கிறார். என் காரில் திருப்புவதுபோல இடப்பக்கம் வீசியிருக்கிறார், பிறகு பதறி வலப்பக்கம் வீசியிருக்கிறார். கார் நடைபாதையில் ஏறிவிட்டது. நடந்து வந்த ஒரு மனிதர் இறந்துபோனார். அவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த அன்புராசாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. தவமணிக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆகவே அன்புராசாவை விட்டுவிடுங்கள். அவன் காரில் பிழை இல்லை. பிழையை நான் தவமணியின் கையில் பழக்கினேன். தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன். என்ன தண்டனை என்றாலும் சரி, எனக்குக் களைத்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். இதைத் தவமணிக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கிறேன். கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு இருக்கிறார், பிள்ளைகளுக்குச் சோறு போடவும் அந்தக் கையை எடுக்கப் பயம். “உங்களிட்டப் பழகியும் நான் ஒரு சீவனைக் கொன்றுபோட்டன் அண்ணை” என்று அழுகிறார். நான் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்கிறேன். உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார். என்னை விட்டால் அவருக்கு இப்போது வேறு யார் இருக்கிறார்கள்.