ஃபோன் காட்டாத கோளாறு

இந்த தே தாரிக் டீயில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் பாலன். கிள்ளானில், காப்பார் சாலையோரம், இருபத்தாறு வருடமாகக் கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் வருகிறவர்கள் கோளாறைச் சொல்வதில்லை, தீர்ப்பைச் சொல்கிறார்கள். ஆன்லைனில் ஒரு குட்டி ஸ்கேனர் வாங்கிக் காரில் செருகிவிட்டு, ஃபோனில் வந்த எண்ணை மந்திரம்போல ஒப்பிப்பார்கள். போனட்டை எப்படித் திறப்பது என்பதை மட்டும் என்னிடம் கேட்பார்கள்.

சிவநேசன் அந்த ரகத்தில் முதல் ஆள். சுபாங் ஜெயாவில் வீடு. ஏதோ கல்லூரியில் விரிவுரையாளர். கார் அவர் பெயரில் இருந்தாலும் ஓட்டியது அவர் மனைவி மலர்விழிதான். காப்பாரில் பள்ளி ஆசிரியை. தினமும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் போய் வருவார். ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது, ஆறினால் மறுபடி பிடிக்கிறது என்று ஜனவரியில் இருவரும் வந்தார்கள்.

சிவநேசன் ஃபோனை நீட்டினார். "ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு. அத மட்டும் மாத்துங்க, போதும்."

காரை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். கிராங்க் சென்சாரின் ஒயர் எக்ஸாஸ்ட் குழாயில் உரசி, மேல் உறை உருகிக் கிடந்தது. எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அதன் தகவல் அறுந்தால், போகிற வேகத்திலேயே எஞ்சின் நின்றுவிடும். சூட்டில் வந்து ஆறியதும் மறைகிற கோளாறு. ஸ்கேனரில் பதியாமலே போகும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். "அண்ணே, நீங்க எது வரைக்கும் படிச்சீங்க? ஃபோன்ல அப்படி ஒண்ணும் காட்டலையே," என்றார். மலர்விழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கேட்டதை மாற்றினேன். கூடவே, யாரிடமும் சொல்லாமல், அந்த ஒயரையும் புதிதாகப் போட்டு, சூடு தாங்கும் உறை மாட்டி, குழாய்க்கு எட்டாமல் கட்டிவிட்டேன். தெரிந்தே ஒரு கோளாறை விட்டுவைக்க அன்று எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் சிவநேசன் எழுதிய பதிவைக் காட்டினார். கோளாறைத் தானே கண்டுபிடித்தாராம். கிள்ளானில் ஒரு மெக்கானிக் இல்லாத ஒயரைச் சொல்லி ஏமாற்றப் பார்த்தானாம். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியதும் கார் குதிரைபோல ஓடுகிறதாம். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் பாராட்டியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காரில் எத்தனை சக்கரம் என்பதே எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். என் கைவேலைக்கு அவருடைய ஃபோன் பேர் வாங்கிக்கொண்டது.

ஜூனில் மலர்விழி ஆயில் மாற்றத் தனியாக வந்தார். ஒரு டப்பா நிறைய கறிபாப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். "அவரு எழுதுனதுக்கு நான் ஸாரி கேட்டுக்கிறேண்ணே," என்றார். மன்னிப்பைக்கூட மனைவி கையில் கொடுத்தனுப்புகிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அனுப்பவில்லை, மலர்விழி தானாகவேதான் வந்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

ஆயில் மாற்றினேன். பிறகு அந்த உறையை உருவினேன், கட்டை அறுத்தேன், ஒயரைப் பழையபடி குழாயோரம் சாய்த்துவிட்டேன். கெடுத்தேன் என்று எழுதாதீர்கள். நான் கொடுத்ததை நான் எடுத்துக்கொண்டேன். சிவநேசன் வாய்விட்டுக் கேட்ட வேலை அப்படியே காரில் இருந்தது.

புது ஒயர், உருக நாள் பிடிக்கும். சில வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மலர்விழி ஃபோனில் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னிக்கி ட்ராஃபிக் லைட்ல கார் ஆஃப் ஆயிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுதான் ஸ்டார்ட் ஆச்சு. கொண்டுக்கிட்டு வரவா?"

"ஃபோன்ல என்ன காட்டுதாம்?"

"அவரு பாத்தாரு. ஒண்ணும் காட்டலையாம்."

"அப்போ ஓகே லா. பயப்படாம ஓட்டுங்க."

நன்றி சொல்லிவிட்டு வைத்தார். நான் சிவநேசன் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்போதே சுபாங் போய் அவர் வீட்டு வாசலிலேயே சரிசெய்து கொடுத்திருப்பேன். அவர் கூப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால், நெடுஞ்சாலையின் வலது தடத்தில் எஞ்சின் நின்றது. பின்னால் வந்த லோரிக்காரர் பிரேக் போட்டிருக்கிறார், லோரி நிற்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மலர்விழி போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு நானும் போனேன். சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் பாத்தேண்ணே, ஃபோன்ல ஒண்ணுமே காட்டலையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி பெட்டியில் கிடக்கும்போதும் அவர் வாயில் ஃபோன்தான்.

ஒப்புக்கொள்கிறேன். ஒயரைக் குழாயோரம் விட்டது நான். அது உருகும் என்று தெரியும். ஓட்டப்போவது சிவநேசன் இல்லை, மலர்விழி என்றும் தெரியும். அவர் கூப்பிட்ட அன்று என்ன நடக்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் நிபுணர் அறிக்கை வந்ததும் சிவநேசனுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். காரணம் கிராங்க் சென்சார் ஒயர் என்றுதான் அதில் இருக்கும். மலர்விழி இருந்திருந்தால் அவரும் சந்தோஷப்பட்டிருப்பார். என் பேச்சில் அவருக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.