ஒரே எண்ணில் இரண்டு உடல்கள்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் செவிலியர் சங்கத்து அம்மையார் அவர்களே, வேலை முடித்த கையோடு சீருடைகூட மாற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, பிள்ளையை மடியில் தூங்க வைத்துக்கொண்டு எனக்குக் காது கொடுக்கும் தாய்மார்களே, கணினித் துறைத் தம்பி தங்கைகளே! கைதட்ட வேண்டாம். இன்று அதை வாங்கிக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை.

நம் மருத்துவமனைப் பிணவறையில் வேலை பார்ப்பவரை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவோம். சாத்திய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அந்த மனிதர் ஆள்மாற்றி உடலைக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி, வேலையைப் பறிக்க நாளை விசாரணை வைத்திருக்கிறார்கள்.

நடந்தது என்ன? காய்ச்சலில் வார்டில் இறந்தவர் ஓர் இளைஞர். விபத்தில் முகம் சிதைந்து, உயிரில்லாமல் கொண்டுவரப்பட்டவர் இன்னொருவர். துணி சுற்றிய இரண்டு உடல்கள், இரண்டின் காலிலும் ஒரே எண்: நானூற்றுப் பதினேழு! விபத்தில் இறந்தவரின் குடும்பம் அந்த எண் போட்ட சீட்டை நீட்டியது. பூட்டு ஓர் உடலின் காலில் இருந்த எண்ணைப் பார்த்தார், சரியாக இருந்தது, இளைஞரின் உடலைக் கொடுத்தார். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர்களும் திறக்கவில்லை. அன்றே தகனமும் முடிந்தது. மறுநாள் இளைஞரின் அக்கா வந்தார். தம்பி இல்லை.

ஒரே எண் எப்படி வந்தது? நிரல் எழுதும் தங்கை ஒருவர் எனக்கு விளக்கினார். என்ன, பின்னாலிருந்து? 'புரியற மாதிரி சொல்லுங்க'வா? எனக்கே இரண்டு டீ குடித்த பிறகுதான் புரிந்தது, பொறுங்கள். நிரலில் 'இறந்தவர்' என்று ஒரு தாய் வகுப்பு, அதாவது எல்லோருக்கும் பொதுவான ஓர் அச்சு. அதற்குப் பிள்ளைகள் இரண்டு: வார்டில் இறந்தவர், வெளியிலிருந்து வந்தவர். 'அடுத்த எண்ணைத் தரவுத்தளமே கொடுக்கட்டும்' என்ற விதியைத் தாயிடம் எழுதினார்கள். பிள்ளைகள் அதை அப்படியே பெற்றுக்கொண்டன. ஆனால் பிள்ளைக்கொரு அட்டவணை, அட்டவணைக்கொரு எண்ணிக்கை! அதுவும் ஒன்றிலிருந்து தொடங்கும், இதுவும் ஒன்றிலிருந்து தொடங்கும். அன்று இரண்டும் ஒரே நேரத்தில் நானூற்றுப் பதினேழைத் தொட்டன. விதி பொது; வரிசை பொதுவில்லை. இருவரும் ஒரே வரிசையில் நின்றுதான் எண் வாங்க வேண்டும் என்று தாய் வகுப்பிலேயே எழுதியிருக்கலாம். ஓரிரு வரி வேலை, ஐயா!

அந்த வரியை எழுதிவிட்டார்கள், தெரியுமா? அக்கா அழுதுகொண்டு நின்ற அன்று மாலையே ஓசைப்படாமல் எழுதிவிட்டார்கள். மறுநாள் காலை பூட்டின் கையில் நோட்டீஸ். கேட்கிறேன்: குற்றம் பூட்டுடையது என்றால் நிரலை ஏன் திருத்தினீர்கள்? எழுதியது கணினி நிறுவனம், ஏற்றுக்கொண்டது நிர்வாகம், எண்ணை அச்சடித்தது எந்திரம். ஏச்சு மட்டும் எளியவருக்கா?

அந்த அக்கா இதோ ஓரத்து வரிசையில் இருக்கிறார். நேற்று பூட்டின் வீட்டுக்குப் போனார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பூட்டு தலைகுனிந்து நின்றாராம். விசாரணைக்குத் தானே வந்து, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்வதாக அக்கா சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

"கடைசியா அவனைத் தொட்டது நீங்கதாண்ணே. அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

பூட்டு சொன்ன பதில் இது.

"பாக்கலம்மா. புது கம்ப்யூட்டர் வந்ததுக்கப்புறம் முகத்தைப் பாக்க வேண்டாம், நம்பரைப் பாத்தா போதும்னு சொல்லிட்டாங்க."

நாளை விசாரணை மேசையில் முதல் கேள்வியாக, தம்பியின் முகம் எப்படி இருந்தது என்றுதான் அக்கா கேட்கப் போகிறார். பதில் சொல்ல வேண்டியவர் பூட்டு அல்ல. வாசலில் நாம் அத்தனை பேரும் நிற்போம். இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு என் நன்றி; அந்த அக்காவை நோக்கிக் கைகூப்பி, வணக்கம் சொல்லி அமர்கிறேன்.